தந்தைக்கு வந்தது அக்கி, மருத்துவரின் கடிதத்தில் இருப்பது ‘ஹெர்பீஸ்’: இரண்டும் ஒன்றா?

மெரிபேங்க்_மகள்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். என் தந்தைக்கு வயது 67, நீண்டகால நீரிழிவுக்காரர். இரண்டு வாரங்களுக்கு முன் அவருடைய வலது விலாவின் கீழே எரிச்சலும் குத்தலும் தொடங்கின. முதலில் பார்த்த மருத்துவர் தசைப்பிடிப்பு என்று சொல்லி, தேய்க்கும் மருந்து கொடுத்தனுப்பினார். இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் தோல் சிவந்து, முதுகெலும்பிலிருந்து வயிற்றின் நடுப்பகுதி வரை கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. பார்த்தவுடனே என் அத்தை, “இது அக்கி, இதற்கு ஊசி மருந்து ஆகாது, செங்காவி கரைத்து எழுத வேண்டும், தலையும் வாலும் சேர்ந்து உடம்பைச் சுற்றிவிட்டால் உயிருக்கு ஆபத்து” என்றார். காவி எழுதத் தெரிந்தவரைத் தேடியதிலேயே நான்கு நாட்கள் போய்விட்டன. பிறகு வேறொரு மருத்துவரிடம் சென்றோம். அவர் 800 மில்லிகிராம் அசைக்ளோவிர் மாத்திரையை நாளொன்றுக்கு ஐந்து வேளை, ஏழு நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார். கடிதத்தில் ‘ஹெர்பீஸ் ஸோஸ்டர்’ என்று குறித்திருந்தார்.

அந்தக் கடிதத்தை என் தாயார் படித்துவிட்டுக் கைப்பேசியில் ‘ஹெர்பீஸ்’ என்று மட்டும் தேடியிருக்கிறார். அன்று முதல் அவர் தந்தையோடு பேசவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள். தந்தைக்கோ காரணம் புரியவில்லை; எனக்குச் சொல்ல நாவெழவில்லை. இதே வீட்டில் என் அண்ணியார் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கிறார். அக்கியும் ஹெர்பீஸும் ஒன்றா, அண்ணிக்குத் தொற்றுமா, வலி எப்போது தீரும் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_செவிலி

மகளே, முதலில் உன் தாயாரிடம் போய் இதைச் சொல்லிவிடு. மற்றவற்றைப் பிறகு படிக்கலாம். உன் தந்தைக்கு வந்திருப்பது பாலுறவால் பரவும் நோயன்று. அவர் சிறுவனாக இருந்தபோது அவருக்கு அம்மை போட்டிருக்கும். நம் வீடுகளில் ‘அம்மா வந்திருக்கிறாள்’ என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவோமே, அந்தச் சின்னம்மை. கொப்புளங்கள் ஆறினாலும் அதை உண்டாக்கிய வைரஸ் உடலைவிட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளில் அது ஒடுங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ, நீரிழிவு போன்ற நோயால் எதிர்ப்பாற்றல் தளரும்போதோ விழித்துக்கொண்டு, அந்த ஒற்றை நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி. அறுபது ஆண்டுகளாக அவருக்குள்ளேயே இருந்தது. யாரிடமிருந்தும் அவர் வாங்கி வரவில்லை.

நான் முப்பத்தோராண்டுகள் அரசு மருத்துவமனைகளில் பணிபுரிந்தேன். ‘ஹெர்பீஸ்’ என்ற ஒரு சொல்லால் ஒரே கட்டிலில் படுக்க மறுத்த தம்பதியரைப் பார்த்திருக்கிறேன். கடிதம் கொடுக்கும் மருத்துவர்கள் அந்தச் சொல்லை விளக்க இரண்டு நிமிடம் செலவிட்டிருந்தால் போதும்.

அண்ணியைப் பற்றி: அக்கிக்காரரிடமிருந்து மற்றவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், இதுவரை சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிக்கு அது எளிய நோயன்று; நுரையீரலைத் தாக்கும், கருவின் முதற்பாதியில் குழந்தைக்கும் ஊறு செய்யக்கூடும். அண்ணிக்குச் சிறுவயதில் அம்மை வந்ததா என்று அவர் தாயாரிடம் கேளுங்கள். ஐயம் இருந்தால் இன்றே மகப்பேற்று மருத்துவரிடம் சொல்லி எதிர்ப்பொருள் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். எதிர்ப்பொருள் இல்லையென்று தெரிந்தால் தொடர்பு ஏற்பட்ட பத்து நாட்களுக்குள் கொடுக்கக்கூடிய பாதுகாப்பு ஊசி உண்டு. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். அதுவரை தந்தையின் புண்களைத் துணியால் மூடி வைத்து, அவருடைய துண்டையும் படுக்கை விரிப்பையும் தனியாகத் துவையுங்கள். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டியபின் தொற்றாது.

ஆய்வகத்_தமிழன்

செவிலி அம்மா சொன்னது முழுதும் சரி. பெயர்க் குழப்பத்தைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ‘ஹெர்பீஸ்’ என்பது ஊர்ந்து செல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; ‘ஸோஸ்டர்’ என்றால் அரைக்கச்சை. இடுப்பைச் சுற்றிக் கச்சைபோல் ஊர்ந்து படரும் புண் என்று அந்தக் காலத்தார் கண்ணால் கண்டதைப் பெயராக்கினார்கள். வைரஸ் என்பது என்னவென்று தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே அந்தப் பெயர் வந்துவிட்டது.

மனிதரை இருப்பிடமாகக் கொண்ட ஹெர்பீஸ் வைரஸ்கள் ஒன்பது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் ஒன்றின் குணம் மற்றொன்றுக்கு இல்லை. உதட்டோரப் புண்ணைத் தருவது பெரும்பாலும் ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை. பிறப்புறுப்புப் புண்ணைத் தருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் உங்கள் தாயார் கைப்பேசியில் படித்திருப்பார். சின்னம்மையும் அக்கியும் மூன்றாவதான வாரிசெல்லா ஸோஸ்டரின் வேலை. சைட்டோமெகலோ வைரஸ் நலமாக இருப்பவரை ஒன்றும் செய்யாமல் கிடந்துவிட்டு, கருவிலுள்ள குழந்தையின் செவித்திறனைப் பறிக்கக்கூடியது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும் அது பெரும் தொல்லை. பச்சைக் குழந்தைகளுக்கு மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, காய்ச்சல் விட்டதும் மேனியெங்கும் ரோஜா நிறத் தடிப்பு தோன்றுமே, அது பெரும்பாலும் ஆறாம் எண் வைரஸின் ஒரு வகை. 1988-இல் யாமனிஷி முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள்.

இந்தக் குடும்பத்தில் நம் கண்டத்தோடு நெருங்கிய கதை உடையது எப்ஸ்டீன்-பார் வைரஸ். உகாண்டாவின் கம்பாலாவிலுள்ள முலாகோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் விரைந்து வளரும் ஒரு புற்றுநோயை 1958-இல் விவரித்து எழுதினார். 1961-இல் இலண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்களில் ஆண்டனி எப்ஸ்டீனும் ஒருவர். இதற்குப் பின்னால் வைரஸ் இருக்க வேண்டும் என்று கருதிய அவர், கம்பாலாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைக்கத் தொடங்கினார். ஒருமுறை பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, மாதிரி காலந்தாழ்த்திக் கைக்கு வந்தது. குடுவையின் நீர் கலங்கியிருந்ததால் கெட்டுவிட்டது என்று எண்ணினார்கள். உருப்பெருக்கியில் பார்த்தபோது, கலக்கம் என்று எண்ணியது முழுதும் உயிருள்ள கட்டிச் செல்கள் என்று தெரிந்தது. அவற்றை வளர்த்துத்தான் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் 1964-இல் அந்த வைரஸை மின்னணு உருப்பெருக்கியில் கண்டார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதென்று அறியப்பட்ட முதல் வைரஸ் அதுதான். உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது உண்டு. பெரும்பாலோர்க்கு ஒன்றும் நேர்வதில்லை. இளம்வயதில் புதிதாகத் தொற்றினால் தொண்டைப் புண்ணும் கழுத்துக் கட்டிகளும் வாரக்கணக்கில் அயர்ச்சியும் வரும்.

ஆகவே ‘ஹெர்பீஸ்’ என்ற பெயருடைய வைரஸ் ஏதேனும் ஒன்று இல்லாத மனிதரை இந்த இழையில் தேடினால் கிடைக்கமாட்டார். தாயாருக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

வெருலம்_வேளார்

நான் மண்பாண்டம் செய்யும் வேளார் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் கொள்ளுப்பாட்டனார் ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தபோது சக்கரத்தைக் கொண்டுவரவில்லை. அக்கி எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் நோயாளியின் உடம்பில் சிங்கத்தையோ நாயையோ எழுதி, மூன்று நாள் காலையில் வந்துபோகச் சொல்வார்கள் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் எரிச்சல் தணிந்து நோயாளி உறங்கிவிடுவாராம். அந்த வழக்கத்தை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். டர்பனில் எங்கள் மக்களுக்கு மருத்துவமனையின் வாசல் திறவாமல் இருந்த காலத்தில், கையைத் தொட்டு ஆறுதல் சொல்ல அந்தக் குயவர் மட்டுமே இருந்தார்.

மாரிட்ஸ்பர்க்_மருந்தாளர்

வேளார் ஐயா, உங்கள் பாட்டனாரை நான் குறைவாக எண்ணவில்லை. குளிர்ந்த மண் எரிச்சலைத் தணித்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே ஆறும் நோய். காவி எழுதினாலும் ஆறும், எழுதாவிட்டாலும் ஆறும். கேடு செய்வது காவியைவிட, காவிக்காகக் காத்திருக்கும் நாட்கள்தான். உடைந்த கொப்புளத்தின்மீது மண்ணைப் பூசினால் புண்ணில் கிருமி புகுந்து சீழ்கொள்ளவும் கூடும்.

மருந்து ஏன் அவசரம் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அசைக்ளோவிர் என்ற மருந்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். உடலுக்குள் சென்ற மருந்து நலமான செல்களில் ஏறக்குறைய வாளாவிருக்கும். வைரஸ் புகுந்த செல்லில், வைரஸே தன் பெருக்கத்துக்காகச் செய்துகொள்ளும் ஒரு நொதி அந்த மருந்தைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து வைரஸின் மரபிழையில் ஒரு கண்ணியாகப் போய்ச் சேர்கிறது. அதற்கு மேல் இழை நீளாது. திருடன் தன் கையாலேயே கதவைப் பூட்டிக்கொள்வது போன்றது இது. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது மட்டுமே மருந்து வேலை செய்யும். அதனால்தான் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்கிறோம். நரம்பில் உறங்கும் வைரஸ் பெருகுவதில்லை என்பதால் எந்த மாத்திரையாலும் அதை வேரோடு அகற்ற முடியாது.

மகளே, உங்கள் தந்தைக்கு நான்காம் நாளுக்குப் பிறகு தொடங்கியிருக்கிறார்கள். வயதும் நீரிழிவும் இருப்பதாலும் புதிய கொப்புளங்கள் வந்துகொண்டிருந்திருக்கலாம் என்பதாலும் மருத்துவர் கொடுத்தது முறையே. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இம்மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். நீரிழிவுக்காரர் என்பதால் அந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள்.

உங்கள் அத்தை சொன்ன ‘தலையும் வாலும் சேர்ந்தால்’ என்ற அச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கத்துக்கு ஒரு நரம்பு, வலப்பக்கத்துக்கு ஒரு நரம்பு என்று தனித்தனியாக முதுகெலும்பிலிருந்து புறப்படுகின்றன. அக்கி அவற்றில் ஒன்றில்தான் வருகிறது. அதனால் முதுகின் நடுக்கோட்டில் தொடங்கி வயிற்றின் நடுக்கோட்டில் நின்றுவிடும். உங்கள் பதிவில் நீங்களே அப்படித்தான் விவரித்திருக்கிறீர்கள். மாறாக, நடுக்கோட்டைத் தாண்டி உடல் முழுதும் கொப்புளங்கள் சிதறினால் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியிருக்கிறது என்று பொருள். அப்போது மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். முன்னோரின் அச்சத்துக்குள் ஓர் உண்மையான கவனிப்பு இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெருலம்_வேளார்

கதவைப் பூட்டிக்கொள்ளும் திருடன் என்ற விளக்கத்துக்கு நன்றி. என் தாத்தா இருந்திருந்தால் அவரும் கேட்டு மகிழ்ந்திருப்பார். முதலில் மாத்திரை, பிறகு வேண்டுமானால் நெற்றியில் மட்டும் திருநீறு என்று இனி எங்கள் வீட்டுக்கு வருவோரிடம் சொல்கிறேன்.

சாட்ஸ்வர்த்_செவிலி

நெற்றி என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. நெற்றியிலோ இமையிலோ அக்கி வந்தால், குறிப்பாக மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அதே நரம்பின் கிளை கண்ணுக்கும் போகிறது என்பதை மறக்கக் கூடாது. அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய கண் சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் இருப்பது சிம்ப்ளெக்ஸ் வைரஸாக இருந்துவிட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். காதுக்குள் கொப்புளமும் ஒருபக்க முகவாதமும் சேர்ந்து வந்தாலும் அதே அவசரம்தான்.

பெயர்_வேண்டாம்

நான் எழுதலாமா என்று மூன்று நாட்கள் தயங்கினேன். எனக்கு அக்கி வந்தபோது வயது 34. நீரிழிவு இல்லை, வேறு நோயும் இல்லை. சமூக மருத்துவ நிலையத்திலிருந்த செவிலியர், “இந்த வயதில் அக்கி வந்தால் எச்ஐவி பரிசோதனை செய்து பார்ப்பது வழக்கம்” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்து எழுந்து வந்துவிட்டேன். ‘நம் சமூகத்தில் அதெல்லாம் இல்லை’ என்று நானும் நம்பியிருந்தேன். ஐந்து மாதங்களுக்குப் பிறகு வேறொரு காய்ச்சலுக்காகப் போனபோது பரிசோதனை செய்துகொண்டேன். இருந்தது. இன்று நாளுக்கு ஒரு மாத்திரை. இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. மணமாகி ஒரு குழந்தையும் உண்டு, மனைவிக்கும் குழந்தைக்கும் தொற்றில்லை. ஆனால் அந்த ஐந்து மாதங்களை நான் வீணாக்கியிருக்க வேண்டியதில்லை. அக்கி எனக்கு எச்சரிக்கையாகத்தான் வந்தது.

சாட்ஸ்வர்த்_செவிலி

தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. எச்ஐவி தொற்றின் நிலைகளை உலக சுகாதார அமைப்பு நான்காக வகுத்திருப்பதில் அக்கி இரண்டாம் நிலையிலேயே இடம்பெறுகிறது. எனவே இளையவருக்கு அக்கி வந்தால் பரிசோதனைக்குச் சொல்வது யார்மீதும் சுமத்தும் பழியன்று. அரசு மருத்துவ நிலையங்களில் அது இலவசம். தொற்று இருந்தால், எதிர்ப்பணுக்களின் எண்ணிக்கை எதுவானாலும் மருந்து தொடங்குவது 2016 செப்டம்பர் முதல் இந்நாட்டின் நடைமுறை.

எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மருந்து பரவலாகக் கிடைக்காத ஆண்டுகளில், கால்களிலும் அண்ணத்திலும் ஊதா நிறத் தடிப்புகளோடு வந்த இளைஞர்களை நான் கவனித்திருக்கிறேன். அது கப்போசி சார்க்கோமா. இரத்தக் குழாய்ச் செல்களில் எழும் அந்தப் புற்றுநோயை மோரிட்ஸ் கப்போசி 1872-இல் வியன்னாவில் விவரித்தார். காரணம் எட்டாம் எண் ஹெர்பீஸ் வைரஸ் என்பதை யுவான் சாங், பேட்ரிக் மூர் இணையர் 1994-இல்தான் கண்டார்கள். காரணம் தெரிந்தும் எங்கள் கையில் மருந்தில்லாத காலம் அது. பிறகு 2004-இல் அரசு மருத்துவமனைகளில் ஏஆர்டி தரத் தொடங்கியபின், எச்ஐவி அடங்கியதுமே சிலருக்கு அந்தத் தடிப்புகள் தாமாக மங்கிப்போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்நாட்களை நான் மறப்பதில்லை.

ஆய்வகத்_தமிழன்

அம்மா சொன்னதோடு நம் ஊரில் நடந்த ஓர் ஆய்வையும் சேர்க்க வேண்டும். பிறப்புறுப்பு ஹெர்பீஸ் இருப்பவருக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. புண் தோலைத் திறப்பதோடு, எச்ஐவி பற்றும் செல்களையும் அவ்விடத்தில் குவித்துவிடுகிறது. குவரைஷா அப்துல் கரீம், சலீம் அப்துல் கரீம் இணையர் டர்பனிலும் மாரிட்ஸ்பர்க் அருகேயுள்ள வுலிண்ட்லேலாவிலும் 889 பெண்களைக் கொண்டு, எச்ஐவி மருந்தான டெனோஃபோவிர் கலந்த களிம்பைச் சோதித்தார்கள். 2010-இல் வெளியான முடிவில் எச்ஐவி தொற்று 39 விழுக்காடும், சிம்ப்ளெக்ஸ் இரண்டாம் வகைத் தொற்று 51 விழுக்காடும் குறைந்திருந்தன. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் எச்ஐவிக்கு எதிரான பயன் உறுதிப்படவில்லை. சொன்னபடி களிம்பை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துவது பலருக்கு இயலாமற்போனது. ஆயினும் பெண் தன் கைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய பாதுகாப்பு ஒன்று இயலும் என்று முதலில் காட்டியது இந்த மண்தான்.

இரண்டாம் வகை இருப்பவர்களுக்கும் ஒரு சொல். உலகில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ ஐம்பது கோடிப் பேருக்கு அது உண்டென்று உலக சுகாதார அமைப்பு கணித்திருக்கிறது; பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. ‘என் தந்தைக்கு அந்த ஹெர்பீஸ் இல்லை’ என்று நாம் ஆறுதல் கொள்ளும்போது, அது உள்ளவர்களைக் கீழே தள்ளிவிடாமல் பேசுவோம்.

ஃபீனிக்ஸ்_தாய்

இடையில் ஒரு கேள்வி. என் மகனுக்கு ஆறு வயது; சின்னம்மை போட்டிருக்கிறது. மாமியார் வேப்பிலை என்று கொண்டுவந்து அரைத்து உள்ளுக்கும் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

மாரிட்ஸ்பர்க்_மருந்தாளர்

கொடுக்காதீர்கள், அம்மா. இங்கே நம்மவர்கள் வேம்பு என்று பறிப்பது பெரும்பாலும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு. வாசலில் கட்டுவதற்கும் அம்மனுக்குச் சாத்துவதற்கும் நம் முன்னோர் அதை வேம்புக்கு மாற்றாகக் கொண்டார்கள். ஆனால் அது நச்சு மரம், காய் இன்னும் மோசம். குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது. காய்ச்சலுக்குப் பனாடோ, அதாவது பாராசிட்டமால், போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை நோய்க்கு வழிவகுக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கும் கோயிலின் கூழ் வழிபாட்டுக்கும் அனுப்ப வேண்டாம். அடுத்த பிள்ளை இருந்தால், சின்னம்மைத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை என்றாலும் தனியாரிடம் விலைக்குக் கிடைக்கிறது என்பதைக் கருதிப் பாருங்கள். ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தக்காஹாஷி, தம் மகன் சின்னம்மையால் பட்ட துன்பத்தைக் கண்டு 1974-இல் உருவாக்கியது அது.

மெரிபேங்க்_மகள்

இரண்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். அண்ணியின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது. அவருக்கு மூன்று வயதில் அம்மை போட்டிருந்ததாம். தந்தையின் சிறுநீரகப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது, பொருக்குகள் உதிர்ந்துவிட்டன. ஆனால் வலி போகவில்லை. சட்டை உராய்ந்தாலே துடிக்கிறார். மூன்று மாதத்துக்கு மேலும் நீடித்தால் அது அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி எனப்படும் என்று மருத்துவர் சொல்லி, இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார். நேற்று முதன்முறையாக ஐந்து மணி நேரம் தொடர்ந்து உறங்கினார்.

தாயாரிடம் செவிலி அம்மாவின் பதிவை நான் படித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். சற்று நேரத்தில் தந்தையின் அறையிலிருந்து அவர் குரல் கேட்டது. உராயாமல் இருக்கத் தம்முடைய பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, அவர் விலாவைச் சுற்றி எப்படிக் கட்டுவது என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.